அச்சகத்துக்கு ஒரு கோப்பு, மின்னஞ்சலுக்கு ஒரு கோப்பு: ஆண்டு மலருக்கான பி.டி.எஃப் அமைப்புகள்

தண்டையார்பேட்டையிலுள்ள ஒரு படிப்பகத்தின் பொன்விழா மலரைத் தயாரித்துவரும் அன்பர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. டெமி 1/8 (சுமார் ஐந்தரைக்கு எட்டரை அங்குலம்) அளவில் 96 பக்க மலரை வேர்டில் அமைத்துப் பி.டி.எஃப் ஆக்கியபோது கோப்பு 60 எம்.பி.க்கு வந்திருக்கிறது. வெளியூரிலும் வெளிநாட்டிலும் உள்ள பழைய உறுப்பினர்களுக்கு அதை மின்னஞ்சலில் அனுப்ப முயன்றபோது போகவில்லை. இணையத்தில் கிடைத்த ஒரு சுருக்கும் கருவியில் இட்டு 4 எம்.பி. ஆக்கி அனுப்பியிருக்கிறார்; அது போய்ச் சேர்ந்ததும், அதே கோப்பை ஜார்ஜ் டவுனில் உள்ள அச்சகத்துக்கும் கொடுத்துவிட்டார். புரூஃப் வந்தபோது படங்கள் கட்டம் கட்டமாக உடைந்திருந்தன. விழாக் குழுவினர் பெயர்ப் பக்கத்தில் மட்டும் எழுத்துகளின் மேற்புள்ளிகள் மங்கியிருந்தன. அட்டையில் இருந்த பளிச்சென்ற நீலம் சோர்ந்துபோயிருந்தது. எந்த அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் அச்சுக்கும் மின்னஞ்சலுக்கும் ஒரே கோப்பு பொருந்தும் என்று கேட்கிறார்.

அப்படி ஒரு கோப்பு கிடையாது என்பதே என் பதில். அச்சகத்துக்குப் போகும் கோப்பு தன்னிடம் உள்ள எதையும் இழக்காமல் போக வேண்டும்; மின்னஞ்சலில் போகும் கோப்பு, கைபேசித் திரையில் படிப்பவருக்குத் தேவைப்படாத அனைத்தையும் இறக்கிவைத்துவிட்டுப் போக வேண்டும். ஆகவே, கைபடாத ஒரு மூலத்தை வைத்துக்கொண்டு அதிலிருந்து இரண்டு கோப்புகளைத் தனித்தனியாக ஏற்றுமதி செய்யுங்கள். அச்சுக் கோப்பிலிருந்து மின்னஞ்சல் கோப்பைச் செய்துகொண்டாலும் தவறில்லை. ஆனால் மின்னஞ்சல் கோப்பிலிருந்து அச்சுக்கு எந்த நாளும் திரும்ப முடியாது, ஏனெனில் சுருக்கும்போது வீசப்பட்ட விவரம் எங்கும் சேமிக்கப்படுவதில்லை. உங்களிடம் 60 எம்.பி. கோப்பும் வேர்டு மூலமும் இன்னும் இருப்பதால் நிலைமை கைமீறிப் போய்விடவில்லை.

பி.டி.எஃப் கோப்புக்குள் மூன்று வகைப் பொருள்கள் இருக்கின்றன: எழுத்துகள், கோட்டு வடிவங்கள், புகைப்படங்கள். எழுத்து என்பது எழுத்துருவிலுள்ள வளைகோடுகளாகவே பதிந்திருக்கும். அதை எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் விளிம்பு உடையாது. கோரல் டிரா போன்ற மென்பொருளில் வரைந்த சின்னமும் அப்படியே. புகைப்படம் மட்டும்தான் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான படப்புள்ளிகளால் ஆனது, கோப்பின் எடையில் ஏறக்குறைய முழுவதும் அதனுடையதே. சுருக்கும் கருவி முறையாக வேலை செய்தால் புகைப்படத்தை மட்டுமே தொடும், எழுத்தைத் தொடாது. உங்கள் மலரில் பெயர்ப் பக்கம் மட்டும் மங்கியதற்கு இதுதான் விளக்கம் என்று நினைக்கிறேன்: அந்தப் பக்கத்தை வேறு யாரோ கேன்வாவிலோ கைபேசிச் செயலியிலோ அழகாக வடிவமைத்து ஜேபெக் படமாகக் கொடுத்திருப்பார்கள், நீங்கள் அதை வேர்டில் ஒட்டியிருப்பீர்கள். கண்ணுக்கு எழுத்தாகத் தெரிந்தாலும் அது படம்தான். எனவே படத்துக்கு நேர்ந்ததெல்லாம் அதற்கும் நேர்ந்தது. அந்தப் பக்கத்தை மறுபடி எழுத்தாகவே தட்டச்சு செய்யுங்கள், அல்லது வடிவமைத்தவரிடமிருந்து பி.டி.எஃப் ஆக வாங்குங்கள்.

ஜேபெக் முறை எழுத்துக்கு ஏன் ஒவ்வாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது படத்தை 8-க்கு 8 படப்புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்ணிய ஏற்ற இறக்கங்களை விட்டுவிடுகிறது. முகம், வானம், மரம் போன்றவற்றில் நிறம் மெல்ல மெல்ல மாறுவதால் அங்கே இழப்பு தெரியாது. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தோ விளிம்பிலேயே வாழ்வது. அந்த விளிம்பைச் சுற்றித்தான் அழுக்குப் படிந்தாற்போன்ற கறைகள் தோன்றும். தமிழில் ஒரு சிறு புள்ளிதான் மெய்யையும் உயிர்மெய்யையும் பிரிக்கிறது. ஒரு சுழிதான் னகரத்தையும் ணகரத்தையும் பிரிக்கிறது. பத்துப் பாயிண்ட் எழுத்தில் அந்தப் புள்ளி, 72 டி.பி.ஐ. (அதாவது ஓர் அங்குலத்துக்கு 72 படப்புள்ளிகள்) உள்ள படத்தில் ஒரே ஒரு படப்புள்ளியாகச் சுருங்கிவிடும். பெயர்ப் பட்டியலில் ஒருவருடைய பெயரிலிருந்து புள்ளி மறைவது சிறிய விஷயமல்ல. ஐம்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் மலரில் தம் பெயரைத் தேடிப் பார்ப்பவருக்கு அது வலிக்கும்.

இனி 300 டி.பி.ஐ. என்ற எண்ணைப் பற்றி. எல்லா அச்சகங்களிலும் இதைக் கேட்பார்கள், ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்வதில்லை. ஆஃப்செட் அச்சில் புகைப்படம் நுண்புள்ளிகளின் வரிசைகளாக அச்சாகிறது. வழவழப்பான ஆர்ட் பேப்பரில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 150 முதல் 175 வரிசைகள், பூச்சில்லாத மேப்லித்தோ தாளில் 133 அளவில், செய்தித்தாளில் 85 முதல் 100 வரை என்பது பொதுவான வழக்கம். படத்தில் அந்த வரிசை எண்ணிக்கையைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்குப் படப்புள்ளிகள் இருந்தால் போதும். 150-இன் இரண்டு மடங்கே 300. ஆகவே உங்கள் மலரின் உள்பக்கங்கள் மேப்லித்தோவில் அச்சாகுமானால் 220 அல்லது 250 உள்ள படத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். அட்டைக்கு மட்டும் 300-ஐ உறுதியாகக் கேளுங்கள். விழா வாசலில் கட்டும் ஃபிளெக்ஸ் பேனருக்கோ, முழு அளவில் 72 முதல் 100 வரை இருந்தாலே போதும், ஏனென்றால் அதை யாரும் ஓரடித் தொலைவில் நின்று பார்ப்பதில்லை.

இதைவிட முக்கியமானது, டி.பி.ஐ. என்பது படத்தோடு பிறந்த குணமல்ல என்பது. படத்துக்குச் சொந்தமானது படப்புள்ளிகளின் எண்ணிக்கை மட்டுமே. அதைத் தாளில் எத்தனை அங்குலத்துக்குப் பரப்புகிறீர்கள் என்பதைப் பொறுத்து டி.பி.ஐ. மாறும். 12 மெகாபிக்சல் கைபேசியில் எடுத்த படம் 4000-க்கு 3000 படப்புள்ளிகள், 300 டி.பி.ஐ.யில் அது 13 அங்குல அகலம் வரை தாங்கும், அதாவது டெமி 1/8 பக்கம் முழுவதையும் தாராளமாக நிரப்பும். அதே படம் வாட்ஸ்அப்பில் வழக்கமான தரத்தில் புகைப்படமாக வந்து சேர்ந்தால் நீளவாக்கில் சுமார் 1600 படப்புள்ளிகளாகக் குறைந்திருக்கும். இப்போது அது ஐந்தேகால் அங்குலத்துக்குத்தான் தாங்கும். குழுப் படம் ஒன்றை இரண்டு பக்கங்களுக்கு விரித்துப் போட நினைத்தால் அது போதவே போதாது. எனவே உறுப்பினர்களிடம் படம் கேட்கும்போதே, புகைப்படமாக அல்லாமல் டாகுமென்ட் ஆக அனுப்பச் சொல்லுங்கள். அப்படி அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்காது. ஒருவர் தம் படத்தை ஃபோட்டோஷாப்பில் திறந்து 72 என்றிருந்த இடத்தில் 300 என்று மாற்றிக் கொடுத்தால் அதை நம்பிவிடாதீர்கள். அதனால் ஒன்று படம் சிறிதாகும், இல்லையேல் மென்பொருள் இடையிடையே ஊகித்துப் புள்ளிகளை நிரப்பும். எடுக்கும்போது பதியாத முகவிவரம் அதில் புதிதாக வந்துவிடாது.

பொன்விழா மலர் என்பதால் பழைய படங்கள் நிறைய இருக்கும். அவற்றை ஸ்கேன் செய்யும்போது ஒரு சிறு கணக்கை நினைவில் வையுங்கள்: எத்தனை மடங்கு பெரிதாக அச்சிடப் போகிறீர்களோ, 300-ஐ அத்தனை மடங்காக்கிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் அளவுப் படத்தை இரு மடங்காக அச்சிட 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்ய வேண்டும். கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தாலும் வண்ணத்தில் ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு, பிறகு கிரேஸ்கேல் (கறுப்பு, சாம்பல், வெள்ளைச் சாயல்கள் மட்டும்) ஆக்குவது நல்லது. மஞ்சளேறிய கறையையும் மசிக்கறையையும் நீக்க அந்த வண்ண விவரம் உதவும். பழைய மலரிலிருந்தோ நாளிதழ் நறுக்கிலிருந்தோ எடுக்கும் படத்தில் ஏற்கெனவே அச்சுப் புள்ளிகள் இருக்கின்றன. அதன்மேல் மறுபடி அச்சுப் புள்ளி விழுந்தால் பட்டுப்புடவையில் தெரிவதுபோல் அலையலையாக ஒரு கோலம் தோன்றிவிடும். ஸ்கேனர் மென்பொருளில் டீஸ்கிரீன் என்றொரு தேர்வு இருக்கும்; அதை இயக்குங்கள், அல்லது அந்தப் படத்தை அசல் அளவைவிடச் சிறிதாகப் போடுங்கள். கையெழுத்து, முத்திரை, கோட்டோவியம் ஆகியவற்றைப் புகைப்படம் போல் கருதக் கூடாது. அவை கறுப்பு அல்லது வெள்ளை என்ற இரண்டு நிலைகளே உள்ள லைன் ஆர்ட் ஆக 600 முதல் 1200 டி.பி.ஐ. வரை இருந்தால்தான் கூர்மையாக அச்சாகும்.

படிப்பகத்தின் பழைய கூட்டக் குறிப்புகளையும் கணக்கேடுகளையும் ஸ்கேன் செய்து மலரில் சேர்ப்பதாயிருந்தால், சுருக்கும் முறையில் இன்னொரு கவனம் தேவை. ஜேபிக்-2 என்ற முறை, பக்கத்தில் ஒன்றுபோல் தோன்றும் எழுத்துகளைக் கண்டுபிடித்து, ஒரு வடிவத்தை மட்டும் சேமித்து எல்லா இடங்களிலும் அதையே பதிக்கும். இழப்பை அனுமதிக்கும் நிலையில் அதை இயக்கினால், உருவம் நெருங்கிய எழுத்துகளை ஒன்றென்று கருதிவிடும் அபாயம் உண்டு. 2013-ஆம் ஆண்டு டேவிட் கிரீசெல் என்ற ஜெர்மன் கணினி அறிஞர், ஸெராக்ஸ் நிறுவனத்தின் சில நகல் இயந்திரங்கள் ஸ்கேன் செய்யும்போது 6-ஐ 8 ஆக மாற்றிவிடுவதை வெளிப்படுத்தினார். காரணம் இதே முறைதான். மங்கினால் கண்ணுக்குத் தெரியும், எச்சரிக்கையாகிவிடலாம். மாறிய எண்ணோ தெளிவாகவே நிற்கும். நன்கொடைத் தொகைகளும் ஆண்டுகளும் நிறைந்த பக்கங்களுக்கு சி.சி.ஐ.டி.டி. குரூப் 4 என்ற இழப்பில்லா முறையைத் தேர்ந்தெடுங்கள்.

தமிழ் எழுத்துருக்களின் பிரச்சினை தனி அத்தியாயம். நம் பகுதி டி.டி.பி. கடைகள் பலவற்றில் இன்றும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க அமைப்பு மென்பொருளும் யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களும் புழக்கத்தில் உள்ளன. அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்தி வைத்தவை. எழுத்துரு உடனிருக்கும்வரை தமிழாகத் தெரியும், அது விலகினால் புரியாத உரோமன் குறிகளாக மாறிவிடும். ஆகவே இரண்டு கோப்புகளிலும் எழுத்துரு உட்பொதிக்கப்பட்டிருக்க வேண்டும். கோப்பைச் சிறிதாக்குவதற்காக எழுத்துருவை வெளியேற்றும் தேர்வு சில மென்பொருள்களில் இருக்கிறது. அதைத் தொடவே தொடாதீர்கள், அதனால் மிச்சமாவது ஒரு புகைப்படத்தின் எடைகூட இராது. அடோபி ரீடரில் கோப்பைத் திறந்து, கன்ட்ரோல் விசையுடன் டி அழுத்தி, ஃபான்ட்ஸ் என்ற பட்டியலைப் பாருங்கள். ஒவ்வோர் எழுத்துருவின் பக்கத்திலும் எம்பெடட் அல்லது எம்பெடட் சப்செட் என்று இருக்க வேண்டும். ஒன்றில் இல்லையென்றாலும் அச்சகத்துக்கு அனுப்பாதீர்கள்.

சில அச்சகங்களில் எழுத்துகளை எல்லாம் கர்வ் ஆக்கிக் கொடுங்கள், அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவங்களாக மாற்றிக் கொடுங்கள் என்பார்கள். எழுத்துருச் சிக்கலே எழாது என்பதால் அட்டைக்கும் அழைப்பிதழுக்கும் அது நல்ல பாதுகாப்பு. ஆனால் 96 பக்க உள்பகுதியை அப்படி ஆக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்: பிழை திருத்த முடியாமல் போகும், சிறிய எழுத்துகள் சில இயந்திரங்களில் ஒரு நூலளவு தடித்து அச்சாகும். மின்னஞ்சல் கோப்பிலோ கர்வ் ஆக்குவது அறவே கூடாது. தேடவும் முடியாது, எடுத்து ஒட்டவும் முடியாது, பார்வையற்ற உறுப்பினர்களின் திரைவாசிப்பான் அந்தப் பக்கத்தில் எதையுமே படிக்காது. மின்னஞ்சல் கோப்புக்கு யுனிகோடு எழுத்துருவில் அமைப்பதுதான் சரி. அப்போதும் சில மென்பொருள்கள் உருவாக்கும் பி.டி.எஃப்பில் கொம்பும் காலும் இடம் மாறி வெட்டி ஒட்டப்படும், ஏனெனில் அதற்குள் பதிவாவது எழுத்தின் வடிவமே தவிர எழுத்தின் வரிசை அன்று. வேர்டில் ஏற்றுமதி செய்யும்போது ஆப்ஷன்ஸ் பகுதியில் அணுகுதன்மைக்கான குறிச்சொற்கள் பற்றிய தேர்வை இயக்கி வைப்பது இதைப் பெருமளவு குறைக்கும். அனுப்புமுன் ஏதாவது ஒரு பெயரைக் கோப்பில் தேடிப் பாருங்கள், கிடைத்தால் சரி. இன்டிசைன் என்ற பக்க அமைப்பு மென்பொருளில் அமைப்பவர்கள் வேர்ல்டு ரெடி கம்போசர் என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

நீலம் சோர்ந்ததற்கு வருகிறேன். திரை, சிவப்பு, பச்சை, நீல ஒளிகளைக் கலந்து நிறம் காட்டுகிறது. அச்சு, சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகளைத் தாளில் படிய வைத்து நிறம் காட்டுகிறது. திரையில் தெரியும் சில பளிச்சென்ற நீலங்களும் பச்சைகளும் நான்கு மைகளின் எல்லைக்கு வெளியே இருப்பவை. எந்த அமைப்பாலும் அவற்றைத் தாளில் கொண்டுவர இயலாது. செய்யக்கூடியது, மாற்றத்தை அச்சகத்தின் இயந்திரத்துக்கு விட்டுவிடாமல் நாமே சி.எம்.ஒய்.கே. எனப்படும் இந்த நான்கு மை முறைக்கு மாற்றிப் பார்த்து, ஏற்கத்தக்க நீலத்தைத் தேர்ந்தெடுப்பது. அந்த நீலம் உங்களுக்கு அவ்வளவு முக்கியம் என்றால், அட்டைக்கு மட்டும் அந்த நிறத்தைத் தனி மையாக ஐந்தாவது தகட்டில் அச்சிடச் சொல்லலாம், செலவு கூடும்.

வேர்டு எப்போதும் ஆர்.ஜி.பி. எனப்படும் திரை நிறத்தில்தான் பி.டி.எஃப் உருவாக்கும். இதில் நிறத்தைவிட ஆபத்தானது கறுப்பு. ஆர்.ஜி.பி. கறுப்பைக் கண்மூடித்தனமாக மாற்றினால் அது நான்கு மைகளும் சேர்ந்த கறுப்பாகிவிடும். நான்கு தகடுகளில் ஒன்று முடியளவு நகர்ந்தாலும், உடல் எழுத்தைச் சுற்றி வண்ண விளிம்பு தெரியும், புள்ளிகள் கலங்கும். எழுத்து முழுவதும் கறுப்பு மையில் மட்டுமே இருக்கிறதா என்பதை அக்ரோபாட் புரோவில் அவுட்புட் பிரிவியூ என்ற பகுதியில் மற்ற மூன்று மைகளையும் அணைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். உங்களிடம் அந்த மென்பொருள் இல்லையென்றால், தகடு எடுப்பதற்கு முன் பார்த்துச் சொல்லும்படி அச்சகத்தாரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். உள்பக்கங்கள் ஒரே வண்ணத்தில் அச்சாகுமானால் படங்களை நீங்களே கிரேஸ்கேல் ஆக்கிக் கொடுத்துவிடுங்கள். வண்ணப் படத்தை அவர்கள் அவசரத்தில் மாற்றும்போது முகங்கள் இருண்டுபோவது வழக்கம்.

உண்மையைச் சொன்னால், 96 பக்க மலருக்கு வேர்டு ஏற்ற கருவி அன்று. இலவசமாகக் கிடைக்கும் ஸ்கிரைபஸ், 1.6 பதிப்பிலிருந்து தமிழ் யுனிகோடைச் சரியாக அமைக்கும் நிலையான மென்பொருளாக இருக்கிறது; சி.எம்.ஒய்.கே.யும் அச்சுத் தரத்துக்கான பி.டி.எஃப் எக்ஸ் வகைகளும் அதில் உண்டு. நேரமில்லையென்றால் அட்டையையும் வண்ணப் பக்கங்களையும் மட்டுமாவது ஸ்கிரைபஸிலோ இன்டிசைனிலோ செய்யுங்கள். ஒரு வண்ண உள்பக்கங்கள் வேர்டிலேயே இருக்கலாம். வேர்டிலேயே தொடர்வதாயின், படம் எதையும் சேர்ப்பதற்கு முன்பே ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட் என்று சென்று, இமேஜ் சைஸ் அண்ட் குவாலிட்டி என்ற பகுதியில் படங்களைச் சுருக்க வேண்டாம் என்னும் தேர்வைக் குறியிடுங்கள். இல்லையேல் பல பதிப்புகளில் சேமிக்கும்போதே படங்கள் 220 டி.பி.ஐ.க்கு இறங்கிவிடும், அதாவது நீங்கள் மூலம் என்று நம்பிக்கொண்டிருப்பதே சுருங்கியதாக இருக்கும். பிறகு பி.டி.எஃப் ஆகச் சேமிக்கும்போது வரும் இரண்டு தேர்வுகளில் ஸ்டாண்டர்டு என்பது அச்சுக்கு. மினிமம் சைஸ் என்பது மின்னஞ்சலுக்கு. லிப்ரே ஆஃபீஸில் இதே இடத்தில் ஜேபெக் தரமும் டி.பி.ஐ.யும் எண்களாகவே கேட்கப்படும், அதனால் அது இன்னும் தெளிவானது: அச்சுக்கு 95 விழுக்காடும் 300-உம், மின்னஞ்சலுக்கு 70 விழுக்காடும் 150-உம் கொடுங்கள். கேன்வாவில் பி.டி.எஃப் ஸ்டாண்டர்டு 96 டி.பி.ஐ., பி.டி.எஃப் பிரின்ட் 300 டி.பி.ஐ.; பெயர்ப் பக்கத்தை வடிவமைத்தவரிடம் இரண்டாவதைக் கேளுங்கள்.

அடோபி மென்பொருள்களில் அச்சுக்கு பி.டி.எஃப் எக்ஸ்-1ஏ அல்லது எக்ஸ்-4 என்று ஆயத்த அமைப்புகள் இருக்கும். முதலாவது பழையது, எல்லா நிறத்தையும் சி.எம்.ஒய்.கே. அல்லது தனி மை ஆக்கி, நிழல், ஒளி ஊடுருவல் போன்றவற்றைத் தட்டையாக்கி, எழுத்துருக்களைக் கட்டாயம் உட்பொதித்துவிடும். இரண்டாவது ஒளி ஊடுருவலை அப்படியே வைத்திருக்கும், ஆனால் அச்சகத்தின் மென்பொருள் புதியதாக இருக்க வேண்டும். அச்சகத்தார் எதையும் சொல்லாவிட்டால் எக்ஸ்-1ஏ கொடுங்கள். ஸ்மாலஸ்ட் ஃபைல் சைஸ் என்ற ஆயத்த அமைப்பு வண்ணப் படங்களை 100 டி.பி.ஐ.க்கு இறக்கிவிடும், மின்னஞ்சலுக்குக்கூட அது சற்று அதிகப்படியான சுருக்கம் என்றே நான் கருதுகிறேன், ஏனெனில் கைபேசியில் பெரிதாக்கிப் பார்க்கும் முதியவருக்குக் குழுப் படத்தில் முகங்கள் தெரிய வேண்டும். 150-இல் நிறுத்துங்கள். 300-லிருந்து 150-க்கு இறக்கினாலே படப்புள்ளிகளின் எண்ணிக்கை கால் பங்காகிவிடுகிறது.

பக்க அமைப்பில் சொல்ல வேண்டியது குறைவு. தாளின் விளிம்பு வரை ஓடும் படமோ நிறமோ இருந்தால், வெட்டும் கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. நீட்டிக் கொடுங்கள், எழுத்துகளை உள்ளே 5 மி.மீ.யாவது தள்ளி வையுங்கள். பக்கங்களைத் தனித்தனியாகவே கொடுங்கள், இரண்டிரண்டாகச் சேர்க்க வேண்டாம். ஃபாரம் (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கத் தொகுதி) வாரியாக அடுக்குவது அச்சகத்தின் வேலை. உங்களுடைய 96 பக்கங்கள் 16 பக்க ஃபாரங்கள் ஆறாகச் சரியாக அமைந்துவிடுகின்றன, ஆகவே கடைசி நேரத்தில் வாழ்த்துச் செய்தி வந்தால் ஒரு பக்கம் கூட்டாமல் இருக்கும் பக்கத்திலேயே இடம் தேடுங்கள். மின்னஞ்சல் கோப்பில் வெட்டுக்குறிகளும் நீட்டலும் இருக்கக் கூடாது. அட்டையையும் உள்பக்கங்களையும் ஒரே கோப்பாகச் சேர்த்து, கட்டுரைத் தலைப்புகளுக்கு புக்மார்க் வைத்தால் படிப்பவர்கள் நன்றி சொல்வார்கள்.

மின்னஞ்சல் ஏன் போகவில்லை என்பதற்கான காரணம்: ஜிமெயிலில் இணைப்புக்கான எல்லை 25 எம்.பி. அதற்கு மேற்பட்டதை அது டிரைவ் இணைப்பாக மாற்றித் தர முன்வரும். பிற சேவைகள் சில திருப்பிவிடும். 25 என்றாலும் முழு 25 கிடையாது. மின்னஞ்சல் எழுத்துகளை மட்டுமே சுமக்கும் முறையில் பிறந்தது. எனவே இணைப்பிலுள்ள ஒவ்வொரு மூன்று பைட்டும் நான்கு எழுத்துகளாக மாற்றப்பட்டுப் பயணம் செய்கிறது. எடை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுவதால் 18 எம்.பி.க்கு மேற்பட்ட கோப்பே எல்லையைத் தொட்டுவிடும். பெறுபவருடைய அலுவலக வழங்கி இதைவிடக் குறைந்த எல்லை வைத்திருக்கலாம். மலரை 8 எம்.பி.க்குள் கொண்டுவந்தால் பெரும்பாலும் எங்கும் தடை இராது. 96 பக்கத்துக்கு 150 டி.பி.ஐ.யில் அது எட்டக்கூடியதுதான். அச்சுக் கோப்பை எந்நாளும் மின்னஞ்சல் இணைப்பாகத் திணிக்க முயலாதீர்கள்; டிரைவ் சுட்டியாகவோ பென் டிரைவிலோ கொடுங்கள். தண்டையார்பேட்டையிலிருந்து ஜார்ஜ் டவுன் அச்சகத்துக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, அவர்கள் கணினியில் திறந்து உங்கள் கண்முன் நான்கு பக்கங்களைப் பார்ப்பது இன்னும் நல்லது.

மின்னஞ்சல் கோப்புக்கு மட்டும் உரிய ஒரு கவலையும் இருக்கிறது. தாளில் அச்சான மலர் சில நூறு கைகளுக்குப் போகும். கோப்போ யார் யாருக்குப் போகும் என்று சொல்ல இயலாது. நன்கொடையாளர்களின் கைபேசி எண்களும் வீட்டு முகவரிகளும் அச்சில் இருக்கலாம், கோப்பில் வேண்டாம். அவற்றின்மேல் கறுப்புப் பட்டை வரைந்தால் மறைந்துவிட்டதாகத் தோன்றும், ஆனால் அடியில் எழுத்து அப்படியே இருக்கும். எவரும் அதைத் தேர்ந்து எடுத்து ஒட்டிப் படிக்கலாம். படத்தின் ஓரத்தை வேர்டில் வெட்டினாலும் வெட்டிய பகுதி உள்ளேயே தங்கியிருக்கக்கூடும். மூலத்தின் பிரதியில் அந்த வரிகளை அழித்துவிட்டு ஏற்றுமதி செய்வதே முறை. அச்சுக் கோப்புக்குக் கடவுச்சொல் போடாதீர்கள். அச்சகத்தின் மென்பொருள் அதைத் திறக்காது.

அச்சுக்கு அனுப்புமுன் ஒரு படப் பக்கத்தையும் ஒரு எழுத்துப் பக்கத்தையும் பக்கத்துக் கடையில் லேசர் பிரின்ட் எடுங்கள். ஃபிட் டு பேஜ் என்பதை நீக்கி, ஆக்சுவல் சைஸ் என்று வைத்து எடுத்தால்தான் எழுத்தின் உண்மையான அளவு தெரியும். அச்சகம் தரும் வண்ணப் புரூஃப் உங்கள் தாளில், அதே இயந்திரத்தில் எடுக்கப்பட்டதா என்று கேட்டுக்கொண்டு, அதன்பின் கையொப்பமிடுங்கள். மின்னஞ்சல் கோப்பை உங்கள் வீட்டிலேயே மூத்தவர் ஒருவரின் கைபேசிக்கு அனுப்பித் திறக்கச் சொல்லிப் பாருங்கள்.

கோப்புகளின் பெயரிலேயே மலர்-மூலம், மலர்-அச்சு, மலர்-மின்னஞ்சல் என்று தேதியுடன் எழுதிவையுங்கள். குழுவில் நாலைந்து பேர் கைமாற்றும்போது தவறான கோப்பு அச்சகத்துக்குப் போவது பெரும்பாலும் பெயர்க் குழப்பத்தால்தான். அச்சான பிறகு பிழை ஏதேனும் கண்ணில் பட்டால், மின்னஞ்சல் கோப்பில் நேரடியாகத் திருத்தாமல் மூலத்தில் திருத்தி, இரண்டையும் மறுபடி ஏற்றுமதி செய்து, மின்னஞ்சலில் போவதன் முதற்பக்கத்தில் திருத்திய பதிப்பு என்று குறிப்பிடுங்கள். இரண்டாம் அச்சு போட நேர்ந்தால் திருத்திய அச்சுக் கோப்பும் ஆயத்தமாக இருக்கும்.